ராடு பிடிப்பவரின் மூச்சு

வெல்டிங் புகை என்பது உலோகம் கொதித்து ஆவியாகி, காற்றில் பட்டதும் குளிர்ந்து, கண்ணுக்கு எட்டாத பொடியாக உறைந்தது. விறகுப் புகையில் கரி இருக்கும். இதில் இருப்பது இரும்பும் மாங்கனீசும் குரோமியமும் துத்தநாகமும். ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எழும் ஆர்க்கின் வெப்பம் 6,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். இரும்பு 1,538 டிகிரியில் உருகி, 2,862 டிகிரியில் கொதிக்கிறது. மாங்கனீசு 2,061 டிகிரியிலும், துத்தநாகம் 907 டிகிரியிலும், காட்மியம் 767 டிகிரியிலும் கொதித்துவிடும். எது குறைந்த சூட்டில் கொதிக்கிறதோ அதுவே முதலில் மேலே கிளம்பும். அதனால் ராடில் சிறிதளவே இருக்கும் மாங்கனீசு, புகையில் அதைவிடக் கூடுதல் பங்காக இருக்கிறது.

எந்த இரும்பைப் பற்றவைக்கிறோம் என்பதைத்தான் பட்டறையில் எல்லோரும் கவனிப்பார்கள். ஆனால் புகையில் பத்தில் ஒன்பது பங்கு வருவது ராடிலிருந்தும் அதன் மேல்பூச்சிலிருந்தும்தான். ஜன்னல் கிரில்லுக்கும் கேட்டுக்கும் ஓடும் 6013 ராடின் பூச்சில் டைட்டானியம் ஆக்சைடு அதிகம். பாய்லர், பாலம் போன்ற கனமான வேலைகளுக்கு ஓடும் 7018 ராடின் பூச்சில் கால்சியம் ஃப்ளூரைடு உண்டு. அதன் புகை தொண்டையையும் மூக்கையும் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கான 308 ராடு குரோமியத்தையும் நிக்கலையும் கொண்டது. ஒரே பட்டறை, ஒரே மெஷின், ஒரே ஆள். காலையில் ஒரு ராடு, மாலையில் இன்னொன்று. அவர் இழுக்கும் மூச்சு இரண்டு வேளையிலும் வேறு வேறு.

இந்தப் பொடியில் பெரும்பகுதி ஒரு மைக்ரானுக்கும் குறைவான அளவு. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் நுண்மை விளங்கும். கிரைண்டிங் செய்யும்போது பறக்கும் தூசி பெரியது. மூக்கு முடியிலும் சளியிலும் சிக்கிக்கொள்ளும். வேலை முடிந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருவது அதுதான். அதைப் பார்த்து, "அழுக்கெல்லாம் வெளியே வந்துடுச்சு" என்று ஆறுதல் கொள்வது பட்டறை வழக்கம். ஆர்க்கின் பொடி மூக்கில் நிற்பதில்லை. மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து முடிகிற காற்றுப்பைகள் வரை அது போய்விடும். அப்படிப்பட்ட பைகள் ஒரு மனிதருக்கு முப்பது கோடிக்கும் குறையாமல் உள்ளன. அவற்றை விரித்துப் போட்டால் எழுபது சதுர மீட்டர் பரப்பு வரும். அங்கே சளியும் இல்லை, வெளியே தள்ளும் மயிரிழைகளும் இல்லை. அதனால்தான் ஆழத்தில் படிந்த பொடிக்கு உடனே இருமல் வருவதில்லை.

இருமல் வரவில்லை என்றால் கேடில்லை என்று நினைப்பதே இந்தத் தொழிலின் மிகப் பெரிய பிழை. இதை எழுதுபவர் இருபத்தாறு ஆண்டுகள் ராடு பிடித்தவர். அதில் முதல் பத்து ஆண்டுகள் அந்தப் பிழையிலேயே கழிந்தன. மூக்கும் தொண்டையும் சில புகைகளை மட்டுமே கண்டுகொள்ளும். ஆளைக் கொல்லக்கூடிய சிலவற்றுக்கு அவை எந்த அறிகுறியும் காட்டுவதில்லை.

புகை ஆர்க்கின் இடத்திலிருந்து நேராக மேலே எழும் ஒரு தூண். அதற்குள் தலை இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதே ஒருவர் உள்ளிழுக்கும் அளவைத் தீர்மானிக்கிறது. முகமூடிக் கண்ணாடி நெருப்புப் பொறியையும் ஒளியையும் தடுக்கும். கழுத்துப் பக்கமாக ஏறிவரும் புகையைத் தடுக்காது. புதிதாக வரும் பையன்கள் உருகிய குட்டையைப் பார்க்கும் ஆவலில் அதன்மேலேயே கவிழ்ந்து நிற்பார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களும் அப்படியே குனிவார்கள், காரணம் வேறு. வெள்ளெழுத்து வந்திருக்கும், கிட்டப் போனால்தான் கோடு தெரியும். எழுதப் படிக்கப் போடும் சாதாரணக் கண்ணாடியை முகமூடிக்குள் போட்டுக்கொண்டால் தலை ஒரு முழம் பின்னால் வந்துவிடும். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தக் கண்ணாடி, நுரையீரலுக்குப் போகும் புகையைக் குறைக்கும் கருவி என்று பட்டறையில் யாரும் சொல்லித் தருவதில்லை.

புகையால் வரும் நோய்களில் வெல்டர்கள் முதலில் சந்திப்பது துத்தநாகக் காய்ச்சல். ஜி.ஐ. பைப்பும் ஜி.ஐ. தகடும் துத்தநாகம் பூசியவை. அவற்றின் மேல் ஆர்க் பட்டதும் வெள்ளை வெளேரென்று புகை கிளம்பும். மூடிய அறையாக இருந்தால் இலவம் பஞ்சின் இழைபோலக் காற்றில் மிதந்து திரியும். வேலை செய்யும்போது உடம்புக்கு ஒன்றும் தோன்றாது. நான்கு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரத்துக்குள், பெரும்பாலும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகு, நாக்கில் காசை வைத்ததுபோல் ஒரு இனிப்புச் சுவை வரும். தாகம் எடுக்கும். பிறகு குளிர், நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சில் இறுக்கம். இரண்டு போர்வை போர்த்தினாலும் பல் கிட்டும். விடிந்து பகலாகும்போது வியர்த்துக் கொட்டி எல்லாம் இறங்கிவிடும். மறுநாள், மிஞ்சிப் போனால் அதற்கடுத்த நாள், ஆள் பழையபடி ஆகிவிடுவார்.

இதை எழுதுபவர் தொழிலுக்கு வந்த மூன்றாம் வாரம், கட்டி முடியாத ஒரு வீட்டின் தண்ணீர்த் தொட்டி அறைக்குள் பகல் முழுக்க ஜி.ஐ. பைப்பைப் பற்றவைத்தார். அன்றிரவு வந்த குளிர்க் காய்ச்சலை மலேரியா என்று வீட்டார் பயந்து, விடியற்காலையில் ஆசுபத்திரிக்குப் போக வண்டி பிடித்தனர். போய்ச் சேருவதற்குள் காய்ச்சல் விட்டிருந்தது. மருத்துவர் என்ன வேலை என்று கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று நோயாளிக்கும் தெரியவில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் மேஸ்திரி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "ஜி.ஐ. காய்ச்சல், தம்பி. எல்லாருக்கும் வரும்."

மேஸ்திரி சொன்னது சரி. பித்தளை வார்ப்பவர்களிடம் இதே காய்ச்சலை ஐரோப்பிய மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டு எழுதினர். பித்தளையிலும் துத்தநாகம் உண்டு. இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் பெயர். நாள்தோறும் அந்தப் புகையில் நிற்பவரின் உடம்பு இரண்டொரு நாளில் அதற்குப் பழகிக் காய்ச்சல் காட்டாமல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் அந்தப் பழக்கம் கலைந்து, திங்களன்று மறுபடி வரும். காய்ச்சலுக்குக் காரணம் கிருமி இல்லை. துத்தநாக ஆக்சைடுப் பொடி காற்றுப்பைகளுக்குள் போனதும், கிருமி வந்துவிட்டதாகவே எண்ணி உடம்பின் பாதுகாப்புச் செல்கள் கிளர்ந்தெழுகின்றன. ஆகவே இதற்கு மலேரியா மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் உதவாது; ஓய்வும் தண்ணீரும் போதும்.

ஜி.ஐ. வேலை என்றால் பால் வாங்கித் தருவது முதலாளிகளின் நல்லெண்ணம். வாழைப்பழம், வெல்லம் என்றும் சில ஊர்களில் வழக்கம். பால் இரைப்பைக்குப் போகிறது. புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் உடம்பில் இல்லை. உண்மையாகப் பயன்தரும் வழி, பற்றவைக்கும் இடத்தின் இருபுறமும் இரண்டங்குலத்துக்குத் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரில் சுரண்டி எடுப்பது. அதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலி போடுகிற முதலாளி, பால் வாங்கித் தருபவரைவிட மேலானவர்.

துத்தநாகக் காய்ச்சல் தானாகவே போய்விடும் என்ற இந்த அனுபவ அறிவில்தான் ஒரு பேராபத்தும் இருக்கிறது. காட்மியப் புகை தரும் நோய் தொடங்கும் விதம் அச்சு அசலாக அதுபோலவே இருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் செப்புக் குழாய்களை ஒட்டும் சில வெள்ளி ராடுகளில் காட்மியம் சேர்த்திருப்பார்கள். மங்கலான பொன்னிறத்தில் மின்னும் பழைய போல்ட்டுகளில் காட்மியம் பூச்சு இருக்கலாம். பூச்சு எது என்று தெரியாத போல்ட்டின் மேல் கேஸ் கட்டிங் சுடரை வைக்கக் கூடாது. காட்மியம் புகைக்கு மணம் இல்லை. வேலை நேரத்தில் இருமலும் இல்லை. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். துத்தநாகமாக இருந்தால் மறுநாள் இறங்கும். காட்மியமாக இருந்தால் இறங்காமல் மூச்சிரைப்பு கூடி, ஓரிரு நாளில் நுரையீரலில் நீர் கோத்து, உயிரும் போகலாம். உலோகப் புகைக்குப் பிறகு வந்த காய்ச்சல் ஒரு நாளில் இறங்காவிட்டாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, அது ஜி.ஐ. காய்ச்சல் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது.

காட்மியத்தின் பெயர் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பழக்கமானதுதான். பொருள் தெரியாமல் பழகியது. நகைக்கடையில் கேட்டுப் பழகிய கே.டி.எம். என்ற சொல் காட்மியத்திலிருந்து வந்தது. தங்கத்தோடு காட்மியம் கலந்த பொடியால் ஒட்டினால் நகையின் தரம் குறையாது. ஒட்டும் சூட்டில் காட்மியத்தின் ஒரு பகுதி ஆவியாகிப் பறந்துவிடும். வாங்குபவருக்குக் கிடைப்பது நல்ல தங்கம். பறந்து போனது ஊதுகுழலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பத்தரின் மூச்சில் சேர்ந்தது. சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உள்ளே போகும் காட்மியம் சிறுநீரகத்தில் தங்கி அதைக் கெடுக்கிறது. அங்கே ஒருமுறை சேர்ந்தது வெளியேறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை பட்டறையில் மரியாதையான வேலை. கூலி கூடுதல், பார்வைக்குச் சுத்தம். புகையில் அதுவே மிகவும் அஞ்சத்தக்கது. பாத்திரம், கைப்பிடிக் கம்பி, பால் தொட்டி என்று எங்கும் ஓடும் 304 ரகத்தில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். உலோகமாக இருக்கும்வரை குரோமியம் சாது. ஆர்க்கின் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து அதன் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறும். அது மூக்கின் நடுத்தண்டைப் புண்ணாக்கி ஓட்டையிடக் கூடியது, ஆஸ்துமாவைக் கொண்டுவருவது, நுரையீரல் புற்றுக்குக் காரணம் என்று ஐயமில்லாமல் நிறுவப்பட்டது. 2006இல் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் இதற்கு விதித்த உச்சவரம்பு, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் ஐந்து பங்கு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ராடு போட்டு அடிக்கும்போதுதான் இந்தக் குரோமியம் அதிகம் எழுகிறது. ராடின் பூச்சிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் அதற்குத் துணை போகின்றன. அதே வேலையை ஆர்கான் வாயு வெல்டிங்கில் செய்தால் கண்ணுக்குப் புகையே தெரியாத அளவு குறையும். மெல்லிய தகட்டுக்கு ஆர்கானே ஏற்றது என்பது வேலைத்தரத்தை வைத்துச் சொல்லும் பேச்சு. மூச்சை வைத்துப் பார்த்தாலும் அதுவே சரி.

புற்றுநோய் பற்றிய பேச்சு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோடு நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2017 மார்ச்சில் கூடி, எந்த இரும்பு என்ற பாகுபாடு இல்லாமல் வெல்டிங் புகை முழுவதையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் தொகுதியில் சேர்த்தது. ஆர்க்கின் புற ஊதாக் கதிரையும் அதே தொகுதியில் வைத்தது. அதற்கு முன்னால் இந்தப் புகை, 'உண்டாக்கக் கூடும்' என்ற கீழ்ப்படியில் இருந்தது. சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் இந்தத் தொகுதிகள் சொல்கின்றன. ஒவ்வொரு வெல்டருக்கும் புற்றுநோய் வரும் என்பது அதன் பொருள் இல்லை. ஆனாலும் அந்த முடிவுக்குப் பின் பிரிட்டன் தன் நடைமுறையை மாற்றியது. 2019 பிப்ரவரி முதல், கூரைக்குக் கீழே நடக்கும் எந்த வெல்டிங்குக்கும், சாதாரண இரும்பானாலும், சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்ற வாதத்தை அங்குள்ள பாதுகாப்பு ஆணையம் ஏற்பதில்லை. புகையை எழும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும் என்கிறது.

மாங்கனீசு நுரையீரலைக் கடந்து மூளைக்குப் போகிறது. ஸ்காட்லாந்தில் மாங்கனீசுக் கனிமம் அரைத்தவர்கள் கால் தடுமாறி, பேச்சு குழறி, முகத்தில் உணர்ச்சி வற்றிப்போனதை கூப்பர் என்ற மருத்துவர் 1837இல் பதிவு செய்தார். நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்சன் நோய்போலவே இது தோன்றும். ஆனால் அதற்குத் தரும் மருந்துக்கு இது பெரும்பாலும் கட்டுப்படாது. திறந்தவெளிப் பட்டறையில் அந்த அளவுக்குப் போவது அரிது. தொட்டி, கப்பலின் அடியறை போன்ற அடைத்த இடங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்குக் கையெழுத்து மாறினாலோ நடை மாறினாலோ, வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

சாதாரண இரும்புப் பொடி நுரையீரலில் சேர்ந்தால் எக்ஸ்ரே படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். 1936இல் டாயிக், மெக்லாஃப்லின் என்ற இரு மருத்துவர்கள் வெல்டர்களிடம் இதை முதலில் விவரித்தனர். இரும்பு மட்டும் என்றால் பெரிய தொல்லை தராது. தொழிலை விட்ட சில ஆண்டுகளில் அந்தப் புள்ளிகள் மங்கவும் செய்யும். தொல்லை வேறு விதத்தில் வருகிறது. காசநோய் மிகுந்த நம் நாட்டில், புள்ளி விழுந்த எக்ஸ்ரே என்றதும் முதலில் எழும் ஐயம் காசநோய்தான். இதை எழுதுபவரோடு துவாக்குடிப் பக்கம் ஒரே ஷெட்டில் வேலை செய்த ஒரு அண்ணன், சளிப் பரிசோதனையில் எதுவும் இல்லாதபோதும் பல மாதம் காசநோய் மாத்திரை விழுங்கினார். கடைசியில் வேறொரு மருத்துவர், "என்ன தொழில் செய்றீங்க?" என்று கேட்டதும்தான் விஷயம் வெளிப்பட்டது. நோயாளியிடம் தொழிலைக் கேள் என்று இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700இல் தொழில்நோய்கள் பற்றிய தம் நூலில் எழுதிவைத்தார். முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கேள்வி பல புறநோயாளிச் சீட்டுகளில் இடம்பெறவில்லை.

இன்னொன்று நிமோனியா. புகையில் நிற்பவர்களுக்கு நிமோகாக்கஸ் கிருமியால் வரும் நிமோனியா மற்றவர்களைவிட அதிகம். உலோகப் பொடி அந்தக் கிருமி ஒட்டிக்கொள்ள வழி செய்கிறது. இதனால் பிரிட்டனில் வெல்டர்களுக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. நம் ஊரிலும் அந்த ஊசி கிடைக்கிறது. வெல்டருக்கு உரியது என்று சொல்வாரைத்தான் காணோம்.

பொடியோடு வாயுக்களும் உண்டு. ஆர்க்கின் ஒளி காற்றிலுள்ள ஆக்சிஜனை ஓசோனாக்கும். அலுமினிய வேலையில் இது மிகுதி. அடைத்த இடத்தில் கேஸ் சுடரை நெடுநேரம் ஓட்டினால் நைட்ரஜன் டை ஆக்சைடு சேரும். சி.ஓ.டூ. வெல்டிங்கில் கார்பன் மோனாக்சைடு கொஞ்சம் எழும். இவற்றைவிட அதிகம் எச்சரிக்க வேண்டியது, கிரீஸ் போக்கும் திரவங்கள். குளோரின் கலந்த சில திரவங்களால் இரும்பைத் துடைத்துவிட்டு, ஈரம் காயுமுன் ஆர்க் அடித்தால், அந்த ஆவி பாஸ்ஜீன் என்ற வாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. நனைந்த வைக்கோல்போல மெல்லிய மணம். தொண்டையில் சிறிய உறுத்தல். பிறகு மணிக்கணக்கில் ஒன்றுமே இராது. அதன் பின் நுரையீரல் நீரால் நிரம்பும். பிரேக் துடைக்கும் ஸ்பிரே, சாயப்பட்டறையில் கறை எடுக்கும் திரவம் என்று கைக்குக் கிடைத்ததால் துடைக்கும் வழக்கம் உள்ள பட்டறைகள் இதை உடனே நிறுத்த வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, பிறகு ராடு போடலாம்.

ஆர்கான் விஷமே இல்லை. நாம் விடும் ஒவ்வொரு மூச்சிலும் நூற்றுக்கு ஒரு பங்கு ஆர்கான்தான். ஆனால் அது காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம். பெரிய பைப்பின் உட்பக்கம் கருகாமல் இருக்க, இரு முனையையும் அடைத்து ஆர்கானை நிரப்புவார்கள். தொட்டிக்குள் ஹோஸை விட்டு வைப்பார்கள். வால்வு சிறிது கசிந்தாலும் இரவெல்லாம் அது அடியில் தேங்கி, ஆக்சிஜனை மேலே தள்ளிவிடும். காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. 19.5க்குக் கீழே போனால் அந்த இடம் ஆள் இறங்கத் தகாதது. ஆக்சிஜனே இல்லாத இடத்தில் இரண்டு மூச்சு இழுத்தால் நினைவு போய்விடும். மூச்சு முட்டும் உணர்வு அங்கே வராது. கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால்தான் உடம்புக்கு மூச்சு முட்டும், ஆக்சிஜன் குறைந்தால் முட்டாது. காலில் பலமில்லாதது போலிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு ஒப்பந்த வேலையில், காலை முதல் ஷிப்டில், முந்தின நாள் விட்ட கிரைண்டரை எடுக்க ஹெல்பர் ஒருவன் தொட்டிக்குள் இறங்கினான். கூப்பிட்டதற்குக் குரல் வரவில்லை. எட்டிப் பார்த்த இன்னொருவன் உடனே கால் வைத்து இறங்கப் போனான். மேஸ்திரி அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, கம்ப்ரசர் ஹோஸைத் தொட்டிக்குள் விடச் சொன்னார். கொக்கியும் கயிறும் போட்டு முதல் பையனைத் தூக்கினார்கள். அவன் பிழைத்தான். கிணற்றிலும் கழிவுத் தொட்டியிலும் ஒருவரைக் காப்பாற்ற இறங்கி இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து மாண்டுபோன செய்திகளைத் தமிழ்நாட்டில் படிக்காதவர் இல்லை. ஆர்கான் தொட்டியிலும் கணக்கு அதேதான். அந்த மேஸ்திரி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36ஆம் பிரிவில் எழுதிவைத்ததும் அவர் அன்று செய்ததை ஒட்டியதே: உள்ளே வாயு இல்லை என்று தகுதியானவர் சோதித்து எழுத்தில் தர வேண்டும், இல்லையென்றால் இறங்குபவர் மூச்சுக்கருவியோடு இடுப்பில் பெல்ட் கட்ட வேண்டும், அந்தக் கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில் இருக்க வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் பட்டறைக்குள் இன்னொரு புகையும் வந்துவிட்டது. டீ இடைவேளையில் இளம் ஹெல்பர்கள் பேனாவைப் போன்ற வேப் கருவியை இழுக்கிறார்கள். மாம்பழம், புதினா என்று மணம், தொண்டை கரிக்காது, பீடியைவிடத் தேவலை என்பது அவர்கள் வாதம். அதன் உள்ளமைப்பை ஒரு வெல்டருக்கு விளக்குவது எளிது. உள்ளே ஒரு கம்பிச் சுருள். நிக்கலும் குரோமியமும் சேர்ந்த கலவை, அல்லது இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்தது. பேட்டரி அதைச் சுட வைக்கிறது. புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் நிக்கோட்டினும் மணப்பொருளும் கலந்த திரவம் ஆவியாகி, குளிர்ந்து, நுண்துளிகளாக மூச்சில் போகிறது. சுருள் அதிகம் சூடானால் அந்தத் திரவமே சிதைந்து ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் உண்டாகும். சுருளிலிருந்தும் பற்றவைப்பிலிருந்தும் நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியவை அந்த ஆவியில் கலந்து வருவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பகல் முழுவதும் முகத்துக்கு முன்னால் எழும் அதே உலோகங்களை, இடைவேளையில் காசு கொடுத்து உதட்டில் வைத்து இழுப்பதே இது.

தின்னத் தகுந்த பொருளெல்லாம் மூச்சுக்குத் தகுந்தது ஆகாது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மைக்ரோவேவ் பாப்கார்ன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த எட்டுப் பேருக்கு, நுண்ணிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபட்ட நோய் கண்டறியப்பட்டது. காரணம், வெண்ணெய் மணத்துக்குச் சேர்க்கும் டைஅசிட்டைல். உணவில் அது அனுமதிக்கப்பட்ட பொருள். வேப் திரவங்கள் சிலவற்றின் மணப்பொருளிலும் அது காணப்பட்டது. 2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்குத் திடீரென்று நுரையீரல் பழுதாகும் நோய் பரவலாக வந்தது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் நோயுற்றதாகப் பதிவாயினர். 68 பேர் இறந்தனர். கஞ்சாச் சத்துத் திரவத்தைக் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்டே முதன்மைக் காரணம் என்று கண்டார்கள். மாத்திரையாக விழுங்கவும் தோலில் பூசவும் தீங்கற்றதாக இருந்த பொருள், சுடவைத்து மூச்சில் போனதும் கொன்றது. தமிழ்நாடு அரசு 2018இல் மின்சிகரெட்டைத் தடை செய்தது. மறு ஆண்டில் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. விற்பதும் இருப்பு வைப்பதும் குற்றம். ஆகவே இங்கு கைமாறும் எந்தத் திரவத்திலும் என்ன கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்ல ஆளில்லை.

பட்டறைக்கே உரிய இன்னொரு கேடு: பைப் முனையில் டெஃப்லான் டேப் சுற்றிய விரலோடு பீடியோ சிகரெட்டோ எடுத்தால், விரலில் ஒட்டிய துணுக்கு எரியும் நுனியில் சிதைந்து புகையோடு உள்ளே போகும். சில மணி நேரத்தில் துத்தநாகக் காய்ச்சல் போலவே ஒன்று வரும். டேப்பையும் டெஃப்லான் வாஷரையும் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

காப்பு முறைகளில் முதலாவது காற்றின் போக்கு. மின்விசிறியைப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். முதுகுப் பக்கம் வைத்தால் உடம்பில் மோதிய காற்று முன்னால் சுழன்று, புகையை மூக்கருகிலேயே நிறுத்திவிடும். சி.ஓ.டூ.விலும் ஆர்கானிலும் விசிறிக் காற்று பட்டால் வாயுத் திரை கலைந்து வெல்டில் பின்ஹோல் விழும்; அதனால் மெஷினை ஆன் செய்ததும் விசிறியை ஆஃப் செய்வது வெல்டரின் கைப்பழக்கம். இங்கே உதவுவது உறிஞ்சு குழாய். அதையும் தள்ளி வைத்தால் பயனில்லை. வாய் விட்டம் ஒரு சாண் உள்ள குழாயை ஒரு சாண் தள்ளி வைத்தாலே இழுக்கும் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆர்க் நகர நகரக் குழாயையும் நகர்த்த வேண்டும். ஹெல்பருக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம்.

முகத்தில் கட்டும் துண்டும் பச்சை நிற மருத்துவமனை முகக்கவசமும் இந்தப் பொடியை நிறுத்தாது. என்95 அல்லது அதற்கு மேலான வடிகட்டிக் கவசம், முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால், பொடியை நிறுத்தும். தாடி இருந்தால் பொருந்தாது. அந்தக் கவசம் எந்த வாயுவையும் நிறுத்தாது. ஆர்கான் தேங்கிய தொட்டியில் அதைப் போட்டுக்கொண்டு இறங்குவதும் வெறும் முகத்தோடு இறங்குவதும் ஒன்றே.

தொழிற்சாலைகள் சட்டம் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் செல்லுபடியாகும் என்றிருந்தது. தமிழ்நாட்டின் கிரில் பட்டறைகளில் பெரும்பாலானவை மூன்று நான்கு பேர் வேலை செய்பவை. எந்த ஆய்வாளரும் அங்கே வரப்போவதில்லை, இ.எஸ்.ஐ. அட்டையும் இருக்காது. அங்கே விசிறியை எங்கே வைப்பது, பூச்சைச் சுரண்டுவதா, தொட்டிக்குள் யார் இறங்குவது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் மேஸ்திரி ஒருவரே. ஹெல்பரின் நுரையீரல் அவர் பொறுப்பு என்பதை ஒவ்வொரு மேஸ்திரியும் ஏற்க வேண்டும்.

மருத்துவர்கள் தொழிலைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வெல்டரே சொல்லிவிட வேண்டும். எத்தனை ஆண்டு வேலை, திறந்த இடமா அடைத்த இடமா, ஜி.ஐ.யா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்பவை மருத்துவருக்குத் தேவைப்படும். இருமலோ மூச்சிரைப்போ வந்து ஆசுபத்திரிக்குப் போகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டோடு, அன்றாடம் ஓட்டும் ராடு பெட்டியின் மேலட்டையையும் கிழித்து எடுத்துச் செல்லுங்கள். ராடின் ரக எண் அதில் அச்சிடப்பட்டிருக்கிறது.